யுக்தியின் எல்லையும் சரணாகதியின் வாயிலும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஆதம்பாக்கத்துத் திருக்கோயிலில் உத்ஸவம் தொடங்கிவிட்டால், விடியற்காலைத் திருப்பள்ளியெழுச்சி முதல் இரவுப் புறப்பாடு நிறைவுறும் வரையில் ஸந்நிதி வாசலில் அடியார் கூட்டம் குறைவதில்லை. பரங்கிமலையிலிருந்தும் வேளச்சேரியிலிருந்தும் நங்கநல்லூரிலிருந்தும் வந்து நிற்கும் அவ்வன்பர்களில் வெறுங்கையுடன் வருவோர் உண்டு. வெறும் நெஞ்சுடன் வருவோர் இல்லை. ஒவ்வொரு நெஞ்சிலும் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. அவ்விண்ணப்பம் ஏன் நிறைவேற வேண்டும் என்பதற்கு ஒரு நியாயமும் கூடவே இருக்கிறது.

அவ்வரிசையில் ஒரு தமையனார் நிற்கிறார் என்று கொள்வோர் கொள்க. பத்துப் பேருக்குப் பின்னால் அவருடைய தம்பியும் நிற்கிறார். பிதா விட்டுச் சென்ற வீட்டைக் குறித்து இருவருக்கும் வழக்கு. “நோயுற்ற பிதாவைக் கடைசி வரையில் உடனிருந்து கவனித்தவன் நான்” என்று எம்பெருமானிடம் முறையிடுகிறார் மூத்தவர். “வெளியூரிலிருந்து மாதந்தோறும் தவறாமல் பணம் அனுப்பியவன் நான்” என்று முறையிடுகிறார் இளையவர். இருவர் சொல்வதும் உண்மை. இருவரும் பொய்யரல்லர். கவலைக்கு இடம் இதுவே. பொய் சொல்பவனுக்குத் தான் சொல்வது பொய் என்று தெரியும். என்றேனும் ஒரு நாள் வெட்கி நிற்க வழியுண்டு. தனக்கு வேண்டியதற்கேற்ப நியாயம் கண்டுகொண்டவனுக்கோ தான் தவறினோம் என்பதே தெரிவதில்லை. அவன் கண்ணுக்கு அது தர்மமாகவே தோன்றுகிறது.

கடோபநிஷத்து சரீரத்தைத் தேராகவும், ஆத்மாவைத் தேரில் வீற்றிருப்பவனாகவும், புத்தியைச் சாரதியாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், இந்த்ரியங்களைக் குதிரைகளாகவும் உருவகப்படுத்துகிறது. சாரதி தேர்ந்தவனாயிருந்தால் குதிரைகள் வசப்படும். ஆனால் உலகில் நிகழ்வது என்ன? குதிரைகள் தமக்கு விருப்பமான புல்வெளியை நோக்கி ஓடுகின்றன. சாரதியோ கடிவாளத்தைப் பிடித்தபடியே, ‘இந்த வழிதான் உத்தமமான வழி; ஆகையால்தான் இவ்வழியே ஓட்டுகிறேன்’ என்று விளக்கம் கூறிக்கொண்டிருக்கிறான். தேரில் இருப்பவன் அதை நம்பி வீற்றிருக்கிறான். மனித புத்தியின் இந்தக் குறையை இதிஹாஸங்களும் ஆசார்யர்களின் சரித்ரமும் எவ்வளவு நுட்பமாகக் காட்டியிருக்கின்றன என்பதை ஆராய்வது உத்ஸவ காலத்துக்கு ஏற்ற சிந்தனையாகும்.

இலங்கையில் நடந்த ஸபை

இராவணன் மூடனல்லன். புலஸ்த்ய மஹர்ஷியின் பேரன், விச்ரவஸின் புதல்வன், வேதம் ஓதியவன், தவத்தால் வரம் பெற்றவன். அவன் அழிந்தது அறிவுக் குறைவினாலன்று. அறிவு முழுவதும் ஆசைக்கு வழக்கறிஞனாக அமர்ந்துவிட்டதால் அழிந்தான்.

திருவடியான அனுமன் இலங்கையை எரித்துச் சென்ற பின்னர் அவன் மந்த்ரிகளைக் கூட்டுகிறான். ப்ரஹஸ்தன், துர்முகன், வஜ்ரதம்ஷ்ட்ரன், நிகும்பன், வஜ்ரஹனு என ஒவ்வொருவனும் எழுந்து, தான் ஒருவனே சென்று பகைவர் யாவரையும் முடித்துவிடுவதாக வீரம் பேசுகிறான். ஸீதையைக் கொணர்ந்தது முறையா என்ற கேள்வி மட்டும் அவர்களிடமிருந்து எழவில்லை. கும்பகர்ணனோ உண்மையை அறிந்தவன். ‘காரியத்தைச் செய்தபின் ஆலோசனை கேட்பது என்ன முறை?’ என்று தமையனை இடித்துரைக்கிறான். உடனேயே, ‘ஆனாலும் உன் பகைவரை நான் தொலைப்பேன்’ என்று முடிக்கிறான். குற்றத்தை அறிந்த அறிவு, தமையன் என்ற பாசத்தின் முன் தலைகுனிந்து அவனுக்கே ஊழியம் செய்யப் புறப்படுகிறது.

ஸ்ரீவிபீஷணாழ்வான் ஒருவனே, பிராட்டியைத் திருப்பி அனுப்புவதே நலம் என்று சொன்னவன். அதற்கு இராவணன் அளித்த மறுமொழியைக் கூர்ந்து நோக்க வேண்டும். அவன் வெறும் கோபத்தில் கத்தவில்லை; ஒரு பொது நியாயத்தை எடுத்துக் காட்டுகிறான். தாமரைக்காட்டில் திரிந்த யானைகள், தம்மைப் பிடிக்கக் கயிற்றுடன் வருபவரைக் கண்டு, ‘நெருப்புக்கும் ஆயுதத்துக்கும் அஞ்சோம், சொந்த இனத்தாருக்கே அஞ்சுகிறோம்’ என்று பேசிக்கொண்டனவாம். ஞாதிகளே ஞாதிகளின் வீழ்ச்சியில் மகிழ்பவர்கள் என்பது அவன் காட்டிய நியாயம். உலகில் அதற்கு எடுத்துக்காட்டுகள் ஏராளம். அந்த நியாயத்தைத் தனக்கு ஹிதம் சொல்ல வந்த தம்பியின் வாயை அடைக்க எடுத்தான் என்பதுதான் குற்றம்.

கடற்கரையில் நடந்த ஆலோசனை

விபீஷணாழ்வான் நான்கு துணைவருடன் கடலைத் தாண்டி வந்து ஆகாயத்தில் நிற்கிறான். இராவணனின் தம்பி என்பதையும், ஹிதம் சொல்லி அவமானம் பெற்றதையும், மனைவி மக்களை விட்டு ஸ்ரீராகவனைச் சரணம் புக வந்ததையும் மறைக்காமல் உரக்கச் சொல்கிறான். இங்கே பெருமாளுடைய பக்கத்திலும் ஒரு ஸபை கூடுகிறது. இதில் இருப்பவர் யாவரும் பக்தர்கள். பெருமாளுக்கு ஒரு தீங்கும் வரலாகாது என்று துடிப்பவர்கள். ஆயினும் அவர்களுடைய யுக்திகளும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.

மஹாராஜரான ஸுக்ரீவன், வந்தவன் ஒற்றன். கொல்லத் தக்கவன் என்கிறான். அங்கதன், குணதோஷங்களைச் சோதித்துக் கொள்ளலாம் என்கிறான். சரபன், ஒற்றனை விட்டு அறியலாம் என்கிறான். ஜாம்பவான், தேசமும் காலமும் பொருந்தாமல் வந்தவனை ஐயுற வேண்டும் என்கிறான். மைந்தன், நயமாகக் கேள்வி கேட்டு உள்ளம் அறியலாம் என்கிறான். திருவடி மட்டும் ஒவ்வொரு யுக்தியாக எடுத்து, யார் மனமும் நோகாதபடி அதன் குறையைக் காட்டுகிறார். காரியத்தில் அமர்த்தாமல் ஒருவனைச் சோதிப்பது எங்ஙனம்? கண்ணெதிரே நின்று தானே அனைத்தையும் சொல்பவனிடத்தில் ஒற்றனுக்கு என்ன வேலை? இராவணனின் குற்றத்தையும் பெருமாளின் பராக்ரமத்தையும் கண்டு தெளிந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான தேசமும் காலமும் உண்டோ? திடீரென்று கேள்விகளால் துளைத்தால், நல்லெண்ணத்துடன் வந்தவனும் மனம் கலங்கானோ? இவன் முகத்தில் தெளிவு இருக்கிறது. உள்ளத்தை எவ்வளவு மறைத்தாலும் உருவம் காட்டிக் கொடுத்துவிடும் என்பது திருவடியின் முடிவு.

ஸுக்ரீவன் இதை ஏற்கவில்லை. ‘இத்தகைய ஆபத்துக் காலத்தில் கூடப்பிறந்த தமையனையே கைவிட்டு வந்தவன், வேறு யாரைத்தான் கைவிட மாட்டான்?’ என்று கேட்கிறான். கேட்பவன் யார்? வாலியின் தம்பி! தமையனுடன் பகைத்து, ருச்யமூகத்தில் ஒளிந்திருந்து, பெருமாளைத் துணை கொண்டு, தமையனை வீழ்த்தி அரசு பெற்றவன். விபீஷணாழ்வானுக்கு அவன் வகுத்த விதியைத் தன் மேல் ஒரு கணம் வைத்துப் பார்த்திருந்தால், அந்த விதி அங்கேயே உடைந்திருக்கும். ஆனால் அவனுக்கு அது தோன்றவில்லை. அவனுடைய ப்ரீதி மெய்யானது, கவலை மெய்யானது, அந்த மெய்யான கவலையே கண்ணை மறைத்தது. ஆசையும் த்வேஷமும் மட்டுமன்றி, அன்பும் அச்சமும்கூட யுக்தியைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும் என்பதற்கு மஹாராஜரே உதாஹரணம்.

பெருமாள் எல்லோரையும் ஒரு முறை பார்த்துச் சிறிதே முறுவலித்தார் என்று வால்மீகி பகவான் காட்டுகிறார். பிறகு இளையபெருமாளை நோக்கி, சாஸ்த்ரங்களைக் கற்றுப் பெரியோர்களைப் பணிந்தவனல்லாமல் இவ்வாறு பேசுதல் இயலாது என்று ஸுக்ரீவனைப் புகழ்கிறார். நண்பன் மனம் புண்படாமல், அதனினும் நுட்பமான ஒன்று உண்டு என்று தொடங்குகிறார். ஞாதிகளும் அண்டை நாட்டாரும் ஆபத்துக் காலத்தில் தாக்குவர் என்பது உலக வழக்கு. ஆகவே அரசர்கள் தம் குலத்தாரை, அவர்கள் நல்லவராயினும், ஐயுறுவர். அந்த ஐயத்தால்தான் இவன் அங்கே இருக்க இயலாமல் இங்கே வந்திருக்கிறான். எல்லாத் தம்பியரும் பரதனைப் போல் ஆவரோ என்கிறார்.

இவ்விடத்தில் பெரியதோர் அர்த்தம் மறைந்திருக்கிறது. ‘ஞாதிகள் ஒருவருக்கொருவர் ஆபத்தானவர்’ என்ற அதே பொது நியாயத்தைத்தான் இராவணனும் சொன்னான். ஒரே நியாயம், இரண்டு வாய்கள். இராவணன் அதைக் கதவை அடைக்கப் பயன்படுத்தினான். பெருமாள் கதவைத் திறக்கப் பயன்படுத்தினார். இராவணனுக்கு அந்த நியாயம் ஹிதம் சொன்ன தம்பியைத் துரத்துவதற்கு உதவியது. பெருமாளுக்கு அதுவே அத்தம்பியின் துன்பத்தைப் புரிந்துகொள்வதற்கு உதவியது. ஆகவே நியாயம் சரியா தவறா என்பதோடு விசாரணை முடிவதில்லை. எந்த உள்ளம் அதை எடுத்தது, எதற்காக எடுத்தது என்பதையும் கேட்டாக வேண்டும்.

முடிவில் பெருமாள் யுக்திகளின் தளத்தையே விட்டு மேலே எழுகிறார். தன் துணையைக் கவர்ந்த வேடன் குளிரால் வாடித் தன்னை அண்டியபோது தன் மாம்ஸத்தையே உணவாக அளித்த புறாவின் கதையை நினைவூட்டுகிறார். ஒரு முறை ‘உனக்கே உரியேன்’ என்று வந்தவனுக்கு அபயம் அளிப்பது தமக்கு வ்ரதம் என்கிறார். வந்திருப்பவன் விபீஷணனாயினும் ஆகுக, இராவணனே ஆயினும் ஆகுக, அழைத்து வா என்கிறார். ஸ்ரீவேதாந்த தேசிகர் இப்ரகரணத்துக்கென்றே ‘அபயப்ரதான ஸாரம்’ என்னும் க்ரந்தத்தை அருளிச்செய்தார். பெரியவாச்சான் பிள்ளைக்கு இதில் இருந்த ஈடுபாட்டால் ‘அபயப்ரதராஜர்’ என்ற திருநாமமே ஏற்பட்டது.

பார்த்தனுடைய நியாயங்கள்

ஸ்ரீமத் பகவத் கீதையின் முதல் அத்யாயத்தைப் பாராயணம் செய்வோர், நிகழ்ச்சிகளின் வரிசையை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். உறவினரைக் கண்டவுடன் அர்ஜுனனுக்கு முதலில் அங்கங்கள் தளர்கின்றன, வாய் உலர்கிறது, உடல் நடுங்குகிறது, காண்டீவம் கையிலிருந்து நழுவுகிறது. இவை யாவும் நிகழ்ந்த பின்னரே குலநாசம், குலதர்மம், பித்ருக்களின் பிண்டோதகம் ஆகிய நியாயங்கள் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. நியாயத்தால் வில் நழுவவில்லை. வில் நழுவியதால் நியாயம் பிறந்தது. அந்நியாயங்கள் சாஸ்த்ர விரோதமானவையல்ல, கேட்பதற்கு இனியவை. ஆகையால்தான் கண்ணன், பண்டிதர் போலப் பேசிக்கொண்டே துக்கிக்கத் தகாதவர்களுக்காகத் துக்கிக்கிறாய் என்று தொடங்குகிறான்.

அர்ஜுனன் இராவணனாகவில்லை. காரணம், தன் புத்தி கலங்கியது என்பதை அவனே ஒப்புக்கொண்டான். தர்மம் எது என்று தெரியாமல் மயங்கினேன், உனக்கு சிஷ்யன், சரணம் புகுந்த என்னை நியமித்தருள வேண்டும் என்றான். அவ்வொப்புதலுக்குப் பின்னரே பகவானின் உபதேசம் பெருகுகிறது. அதே கீதையில் புத்தி அழியும் படிகளும் கூறப்படுகின்றன. விஷயங்களைச் சிந்திப்பதால் பற்று, பற்றால் காமம், காமத்தால் கோபம், கோபத்தால் மயக்கம், மயக்கத்தால் நினைவு தடுமாற்றம், அதன் பின்னரே புத்தி நாசம். புத்தி கடைசியில்தான் விழுகிறது. ஆனால் வீழ்ந்தவனுக்குத் தன் புத்தியே முதலில் நின்று தன்னை நடத்தியதாகத் தோன்றுகிறது! அதர்மத்தையே தர்மமென்று காட்டும் புத்தியைத் தாமஸ புத்தி என்று பதினெட்டாம் அத்யாயம் வகைப்படுத்துகிறது.

யாதவப்ரகாசர்

இது இதிஹாஸ புருஷர்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. உடையவர் அவதரித்த 1017ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் காஞ்சிப் பகுதியில் புகழ்பெற்று விளங்கிய வேதாந்தி யாதவப்ரகாசர். இளையாழ்வாராக இருந்த ஸ்ரீராமாநுஜர் அவரிடம் பாடம் கேட்டார். சாந்தோக்ய உபநிஷத்தில் பகவானின் திருக்கண்களைக் கூறும் வாக்யத்துக்கு ஆசிரியர் தகாத பொருள் உரைத்தபோது சிஷ்யரின் கண்ணீர் உகுத்ததும், ஸூர்யனால் மலர்த்தப்பட்ட தாமரை என்ற பொருளை அவர் எடுத்துக்காட்டியதும் அனைவரும் அறிந்த வ்ருத்தாந்தம்.

அதன் பின் நடந்ததைக் குருபரம்பரைகள் கூறும் விதம் சிந்தனைக்குரியது. சிஷ்யனின் மேதை கண்டு ஆசிரியருக்கு அஸூயை பிறந்தது. ஆனால் ‘அஸூயை கொண்டேன்’ என்று அவர் தம்மிடமே சொல்லிக்கொள்ளவில்லை. ‘ஸித்தாந்தத்துக்கு ஆபத்து’ என்று சொல்லிக்கொண்டார். காசி யாத்ரை என்ற பெயரில் அழைத்துச் சென்று கங்கையில் மூழ்கடித்துவிடுவது என்று யோசனை உருவாயிற்று. ப்ரஹ்மஹத்தி தோஷம் வருமே என்ற கேள்விக்கும் விடை கிடைத்தது: கங்கையில் நீராடினால் அத்தோஷம் நீங்கிவிடும்! சாஸ்த்ரத்தைப் பாபத்துக்கு முன்கூட்டியே எழுதி வாங்கிய விடுதலைப் பத்திரமாக ஆக்கிக்கொள்ளுமளவுக்கு ஒரு மஹா பண்டிதரின் யுக்தி வேலை செய்தது. கல்வி குறைந்தவனுக்கு இந்த விடை தோன்றியிராது. கல்வி மிகுந்தவனுக்குத் தன்னை ஏமாற்றிக்கொள்ளும் கருவிகளும் மிகுதி.

உறவினரான கோவிந்தர் எச்சரித்ததால் ஸ்ரீராமாநுஜர் விந்த்யாடவியில் பிரிந்து, வேடுவத் தம்பதியாக வந்த பேரருளாளனாலும் பெருந்தேவித் தாயாராலும் காஞ்சிக்குக் கொண்டுவரப் பெற்றார். யாதவப்ரகாசரின் கதையோ அங்கே முடியவில்லை. முதுமையில் அவருடைய தாயாரே, ஸ்ரீராமாநுஜரை ஆச்ரயிக்கும்படி மகனுக்கு ஹிதம் சொன்னார். நெடுங்காலம் தயங்கிய பின், தம் சிஷ்யருக்கே சிஷ்யராகி, கோவிந்த ஜீயர் என்ற திருநாமம் பெற்று, ஆசார்ய நியமனப்படி ‘யதிதர்ம ஸமுச்சயம்’ என்ற நூலையும் இயற்றினார். வாதத்தில் தோற்றதைவிட, தாம் தம்மிடமே சொல்லிவந்த நியாயம் நியாயமன்று என்று முதுமையில் ஒப்புக்கொண்டதே அவருடைய பெருமை. அவரைச் சேர்த்துக்கொண்டதில், கடற்கரையில் பெருமாள் காட்டிய வழியை எதிராசர் பின்பற்றினார்.

ஏரியும் வீடும்

பழங்கதை என்று எவரேனும் ஒதுக்கிவிடலாகாது என்பதற்காக, ஆதம்பாக்கத்தைச் சுற்றியே ஒன்றைக் காட்டலாம். சென்னையின் தென்பகுதி முழுவதும் ஏரிகளின் நாடு. தியாகராய நகரே 1920களில் மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்து எழுந்தது. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடு அவ்வேரியின் பெயரை மட்டும் இன்றும் தாங்கி நிற்கிறது. வேளச்சேரி ஏரியும் ஆதம்பாக்கம் ஏரியும் வீடுகளுக்கு இடம் கொடுத்துச் சுருங்கின.

நீர் நின்ற தாழ்நிலத்தில் மனை வாங்கும் ஒரு குடும்பத் தலைவரின் நெஞ்சை எண்ணிப் பார்க்கலாம். விலை கைக்கு எட்டுகிறது. பெண்ணின் பள்ளிக்கூடம் அருகில். ஆசை முதலில் வந்துவிட்டது. அதன் பிறகு நியாயங்கள் அணிவகுத்து வருகின்றன. பத்திரம் இருக்கிறது, மின்சாரம் கொடுக்கிறார்கள், பக்கத்தில் நூறு வீடுகள் வந்துவிட்டன, நீர் நின்று எத்தனையோ ஆண்டுகள் ஆயின. ஒவ்வொன்றும் தனித்தனியே உண்மைதான். நீர் நின்றதைக் கண்ணால் கண்ட கிழவர் அதே தெருவின் முனையில் இருப்பார். மனை விற்கும் தரகரிடம் நூறு கேள்வி கேட்டவர், அவரிடம் ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டார். கேட்டால் வரக்கூடிய விடை வேண்டாத விடை. 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் பெருமழை கொட்டி அடையாற்றில் வெள்ளம் புரண்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும், தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்தது. பத்திரத்தை அது படித்துப் பார்க்கவில்லை.

அக்குடும்பத் தலைவரை எள்ளுவதற்காக இது சொல்லப்படவில்லை. தலைக்கு மேல் கூரை வேண்டும் என்பது நல்ல ஆசை. நல்ல ஆசையும் கண்ணை மறைக்கும் என்பதே செய்தி.

ஸந்நிதியிலும் உண்டு இக்குறை

கோயிலுக்கு வெளியே மட்டும் இக்குறை இருப்பதாக எண்ணுவதும் அதே குறையின் மற்றொரு வடிவம். காஞ்சி தேவப்பெருமாள் ஸந்நிதியில் ப்ரபந்த ஸேவாகால உரிமை எந்த ஸம்ப்ரதாயத்தாருக்கு என்பது பற்றி நூறாண்டுகளுக்கும் மேலாக நீதிமன்றங்களில் வழக்குகள் நடந்தன. இரு பக்கத்திலும் வித்வான்கள். இரு பக்கத்திலும் ப்ரமாணங்கள். எந்தக் குலத்தில் பிறந்தாரோ அந்தக் குலத்தின் பக்கமே ஒவ்வொருவருக்கும் ப்ரமாணம் அகப்படுகிறது. பிறப்பு முந்தியது, ஆராய்ச்சி பிந்தியது.

அடியார்களின் வேண்டுதல்களிலும் இது உண்டு. பழைய யவன தேசத்து நாஸ்திகன் ஒருவனைப் பற்றி மேல்நாட்டில் ஒரு கதை வழங்குகிறது. கடலில் புயலிடைப் பட்டு, தெய்வத்தை வேண்டிப் பிழைத்தவர்கள் வைத்த சித்ரங்களைக் கோயிலில் அவனுக்குக் காட்டினார்களாம். வேண்டிக்கொண்டும் மூழ்கிப்போனவர்களின் சித்ரங்கள் எங்கே என்று அவன் கேட்டானாம். ஆங்கில நாட்டு அறிஞர் ப்ரான்ஸிஸ் பேக்கன் 1620ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், மனித புத்தி ஒன்றை ஏற்றுக்கொண்டுவிட்டால் அதற்குச் சாதகமானவற்றையே திரட்டும், பாதகமானவற்றைத் தள்ளிவிடும் என்று காட்ட இதை எடுத்தாண்டார். இக்காலத்து மனநூலாரும் அதையே சோதனைகளால் ஆராய்ந்து வருகின்றனர்.

நாஸ்திகன் கேட்ட கேள்வி என்பதற்காக ஆஸ்திகர் அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வேண்டுதல் பலித்த கதைகள் பத்து முறை சொல்லப்படுகின்றன; பலியாத வேண்டுதலுடன் ஒருவர் அடுத்த ஆண்டும் அதே வரிசையில் மௌனமாக நிற்கிறார்; அவர் கதையை யாரும் கேட்பதில்லை. பலித்தவற்றை எண்ணிக் கட்டிய பக்தி, பலியாத ஒரு நாளில் இடிந்துவிடும். ஆழ்வார்களும் ஆசார்யர்களும் காட்டிய ப்ரபத்தியோ கணக்கின் மேல் நிற்பதன்று. தன் முயற்சியும் தன் யுக்தியும் தனக்கு உபாயமாகா என்று உணர்ந்து, அவனே உபாயம் என்று பற்றுவது அது. கேட்டது கிடைத்தால் வளர்வதும், கிடைக்காவிடில் தேய்வதும் அதற்கு இயல்பல்ல. மூழ்கியவர்களின் சித்ரங்களையும் சேர்த்துச் சுவரில் மாட்டினாலும் கலங்காத பக்தி எதுவோ, அதுவே பக்தி.

யுக்தியைக் கைவிடுவதா?

இவ்வளவும் கேட்டபின், அப்படியானால் சிந்திப்பதே வீண் என்று கொள்ளலாகாது. தர்க்கம் தனித்து நிலைபெறாது என்று ப்ரஹ்ம ஸூத்ரம் இரண்டாம் அத்யாயத்தில் கூறுகிறது. ஒரு கெட்டிக்காரன் நாட்டியதை அவனினும் கெட்டிக்காரன் சாய்த்துவிடுகிறான். வாதிகளின் யுக்திகள் ஒன்றோடொன்று மோதி நிற்பதை ஸ்ரீபாஷ்யகாரரும் அவ்விடத்தில் காட்டியருளினார். ஆயினும் ஸ்ரீபாஷ்யம் முழுவதும் யுக்திகளால் நிறைந்த க்ரந்தமன்றோ? வேதத்துக்குத் துணையாக நிற்கும் தர்க்கத்தை அவர் வேண்டினார். தனியே அரசு செய்யும் தர்க்கத்தையே விலக்கினார். கண்ணனும் அர்ஜுனனுக்கு அனைத்தையும் உபதேசித்தபின், இதை முழுவதும் ஆராய்ந்து உன் விருப்பப்படி செய் என்றான். சரணம் புகுந்தவனையும் சிந்திக்கச் சொன்ன ஆசார்யன் அவன்.

யுக்திக்கு எல்லை உண்டு என்று அறிந்தவன் சில நியமங்களைக் கைக்கொள்ளலாம். ஒரு முடிவுக்கு நியாயங்கள் விரைந்து விரைந்து வரும்போது, அவற்றுக்கு முன் எந்த ஆசை அல்லது எந்த அச்சம் வந்தது என்று பார்ப்பது அர்ஜுனனிடம் கற்கும் பாடம். பிறனுக்கு வகுத்த விதியைத் தன் மேல் வைத்துப் பார்ப்பது ஸுக்ரீவனிடம் கற்கும் பாடம். தனக்கு வேண்டாததைச் சொல்லக்கூடியவரைத் தேடிச் சென்று கேட்பதும், கேட்டபின் அவரைத் துரத்தாமலிருப்பதும் இராவணனின் வீழ்ச்சியில் கற்கும் பாடம். தவறு என்று தெரிந்த நாளில், வயதையும் புகழையும் பாராமல் திரும்புவது யாதவப்ரகாசரிடம் கற்கும் பாடம்.

இவற்றையும் தன் முயற்சியால் மட்டும் முற்றச் செய்ய இயலாது. தன் கண்ணால் தன் கண்ணைக் காண இயலாதது போன்றது இது; கண்ணாடி வேண்டும். ஆசார்யனே அக்கண்ணாடி. ஆசார்ய ஸம்பந்தம் வாய்க்காதவர்க்கு, நல்ல பாகவதனான நண்பன் ஒருவன், உண்மை பேசும் மனைவி அல்லது தாயார் ஒருவர் கண்ணாடியாவர். யாதவப்ரகாசருக்கு வழி காட்டியவர் பண்டித ஸபையினர் அல்லர். அவரைப் பெற்ற தாயார்.

வரிசையில் நின்ற அந்தச் சகோதரர்கள் இருவரும் ஸந்நிதிக்கு வந்து சேருகின்றனர். தீர்த்தம் கொடுத்த பின் அர்ச்சகர் ஸ்ரீசடாரி ஸாதிக்கிறார். எம்பெருமானின் திருவடி நிலையான அதற்கு நம்மாழ்வாரின் திருநாமமே வழங்குகிறது. அது வைக்கப்படுவது கையிலன்று, மார்பிலன்று, தலையில். நியாயங்கள் யாவும் பிறக்கும் தலை. வழக்கை இரவும் பகலும் வாதாடிக்கொண்டிருக்கும் தலை. முதலில் அண்ணன் தலை குனிகிறார்; சற்று நேரத்தில் அதே சடாரியின் கீழ்த் தம்பியும் தலை குனிகிறார். குனிந்த அந்த ஒரு கணத்தில் இருவருடைய வாதமும் நின்றிருக்கிறது. ப்ரதக்ஷிணம் முடித்து, ப்ரஸாதம் பெறும் இடத்தில், மூத்தவர் சற்றுத் திரும்பிப் பார்த்து, “மாதாமாதம் நீ அனுப்பிய பணத்தில்தான் அப்பாவுக்கு மருந்து வாங்கினேன்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அவ்வாண்டு உத்ஸவத்தில் எம்பெருமான் அக்குடும்பத்துக்கு அளித்த அபயம் அதுவே.

சுபம்.